கட்டு அவிழ்ந்த பின்

நுழையும்முன்

உடலில் ஏற்பட்ட முறிவை மருத்துவர் இணைத்துக் கட்டிவிடுகிறார். அந்த முறிவால் வீட்டின் அன்றாட ஒழுங்கில் ஏற்படும் பிளவை இணைப்பவர் யார்? தாயின் கை ஒன்று சில வாரங்கள் செயலற்றுப் போகும்போது ஒரு குடும்பம் எவற்றையெல்லாம் கற்க நேர்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நிலக்கோட்டை வட்டாரத்தில் விடியுமுன்னரே மல்லிகை பறிப்புத் தொடங்கிவிடும். பறித்த மொட்டுகள் சந்தையில் எடைபோடப்பட்டு, ஒரு பகுதி வெளியூர்களுக்குச் செல்லும். மற்றொரு பகுதி பூக்கட்டும் பெண்களின் வீடுகளுக்கு வந்து சேரும். அவ்வாறு பூக்கட்டி வாழும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தாய்க்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. தந்தை, மக்கள் ‘குட்டியானை’ என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியை வாடகைக்கு ஓட்டுபவர். மகள் பதினொன்றாம் வகுப்பிலும் மகன் நான்காம் வகுப்பிலும் பயில்கின்றனர். தந்தையின் தாயாகிய அப்பத்தாவும் உடன் வாழ்கிறார்.

ஐப்பசி மழையில் பாசி படிந்த முற்றத்தில், தண்ணீர்க் குடத்துடன் வந்த தாய் வழுக்கி விழுகிறார். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அதற்கு எவரும் பயிற்சி பெறுவதில்லை. உடலின் எடை முழுவதும் விரிந்த உள்ளங்கையின்மீது இறங்க, முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டை ஒட்டி முறிகிறது. இவ்வகை முறிவை அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் விளக்கி எழுதினார். அதனால் இன்றளவும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஊடுகதிர்ப் படம் என்னும் கருவி தோன்றுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, கையின் தோற்றத்தையும் தொடுதலையும் கொண்டு அவர் இதனை வரையறுத்தார் என்பது வியப்பிற்குரியது.

அரசு மருத்துவமனையில் முதலில் செய்யப்பட்டது, வீங்கத் தொடங்கிய கையிலிருந்து வளையல்களைக் கழற்றியதுதான். கண்ணாடி வளையல்கள் உடைக்கப்பட்டன. கழலாத பித்தளை வளையல் ஒன்று வெட்டி எடுக்கப்பட்டது. அப்போது தாய் அழுதது வலியினால் மட்டுமன்று. காலையில் வளையலோடு சென்றவர் வெறுங்கையோடு வீடு திரும்புவதை நம் ஊர்ப் பெண்கள் எவ்வாறு உணர்வர் என்பதை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும். எலும்பு நேர்செய்யப்பட்டு, விரல்கள் மட்டும் வெளியே தெரியுமாறு மாவுக்கட்டுப் போடப்பட்டது. “ஆறு வாரம் கழித்துக் கட்டை எடுத்துவிடலாம்” என்றார் மருத்துவர். குடும்பம் அந்த ‘ஆறு வாரம்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டது. அவர் சொன்னது கட்டைப் பற்றி. அவர்கள் கேட்டுக்கொண்டது கையைப் பற்றி.

தெரிந்து தெளிவோம்

மாவுக்கட்டில் உள்ள ‘மாவு’ தானிய மாவன்று. ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடாக்கிப் பெறும் வெண்பொடி. பாரிசு நகரின் மோண்ட்மார்த்தர் குன்றுப் பகுதியில் இக்கனிமம் மிகுதியாக வெட்டியெடுக்கப்பட்டதால் ‘பாரிசு சாந்து’ என்னும் பெயர் ஏற்பட்டது. நீர் சேர்ந்ததும் சில நிமிடங்களில் இறுகிவிடும். இறுகும்போது வெப்பம் வெளிப்படுவதைக் கட்டுப் போட்டுக்கொள்பவர் உணரலாம். இச்சாந்து தோய்ந்த துணிச் சுருளைக் கொண்டு கட்டும் முறையை நெதர்லாந்துப் படை மருத்துவர் அந்தோனியசு மத்தாய்சென் 1852இல் வெளியிட்டார். நம் நாட்டு மரபில் முட்டை வெண்கருவும் மூலிகைச் சாந்தும் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டுவர். ஆந்திர மாநிலத்துப் புத்தூர்க் கட்டு தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது.

வீட்டின் வலக்கை

முறிந்தது வலக்கை. அக்கை ஒரு நாளில் செய்துவந்த வேலைகள் எவையெவை என்பதை, அது நின்றபோதுதான் வீடு கணக்கெடுத்தது. வாசல் தெளித்துக் கோலமிடுதல், பால் காய்ச்சுதல், உலை வைத்தல், தேங்காய் துருவுதல், சட்டை மாட்ட மறுக்கும் மகனுக்கு ஒரு கையால் சட்டையும் மறு கையால் இட்டிலியும் தருதல், துணி துவைத்துப் பிழிதல், இடையிடையே நாரில் பூவைத் தொடுத்தல். இவை கண்ணுக்குப் புலனாகும் வேலைகள். இவற்றை வேறொருவர் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம்.

கண்ணுக்குப் புலனாகாத வேலைகளே குடும்பத்தைத் திணறச் செய்தன. தெருக்குழாயில் எந்நாள் எந்நேரம் நீர் வரும்? நியாயவிலைக் கடையில் பருப்பு எப்போது வரும்? அப்பத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையில் காலையில் தருவது எது, இரவில் தருவது எது? மகளிர் குழுவுக்கு இம்மாதத் தவணை எந்தத் தேதியில் கட்ட வேண்டும்? இவை எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. தாயின் நினைவில் மட்டுமே இருந்தன. எனவே முதல் வாரம் முழுவதும் அவர் கட்டிலில் படுத்தவாறு நாள்தோறும் பலமுறை பதில் சொல்லிக்கொண்டேயிருந்தார். கை ஓய்வெடுத்தது; அவர் ஓய்வெடுக்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் மகள் ஒரு வழி கண்டாள். நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில், தாய் சொல்லச் சொல்ல வீட்டின் வேலைகளை ஒன்றுவிடாமல் எழுதினாள். பதினான்கு தாள்கள் நிரம்பின. அவற்றை ஊசியால் கோத்து அடுக்களைச் சுவரில் மாட்டினாள். தந்தை அவற்றை நின்று படித்தார்; படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

ஒற்றைக் கையால் வாழ்தல் என்பது சிறு சிறு தோல்விகளின் தொடர். புட்டியின் மூடியைத் திறக்க இரு கைகள் வேண்டும். சேலையின் கொசுவம் மடிக்க இரு கைகள் வேண்டும். ஆகவே அவர் இரவு உடையிலேயே நாள் முழுவதும் இருக்க நேர்ந்து, வாசலுக்கு வர நாணினார். தலை வாரிப் பின்னுவதற்கும் அவ்வாறே. நாள்தோறும் மகளுக்குப் பின்னல் போட்டவர், இப்போது மகளின்முன் தலைகுனிந்து அமர்ந்தார்.

எல்லாவற்றினும் அவரை வருத்தியது உணவு. இடக்கையால் உண்பது அவர் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. கரண்டியைக் கொடுத்தால் சோறு சிந்தியது. “பசியில்லை” என்று அவர் தட்டை ஒதுக்கியதை இரண்டு நாள் பார்த்த அப்பத்தா, மூன்றாம் நாள் கிண்ணத்தில் இரசச் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துவந்து அருகில் அமர்ந்தார். “வாயத் தொற தாயி” என்றார். பதினெட்டு ஆண்டுகளாக மருமகள் வட்டிக்க உண்டவர் அவர். அன்றுதொட்டு மூன்று வேளையும் அதுவே வழக்கமாயிற்று. மாமியார் – மருமகள் உறவைப் பற்றி நகைச்சுவைத் துணுக்குகளையே படித்துப் பழகியவர்கள் இத்தகைய காட்சிகளை எழுதுவதில்லை. அவை வீடுதோறும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஐந்து மணி நேரம் யாருடையது?

இந்தியாவில் மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் கணக்கெடுத்தது. வீட்டாருக்காக ஊதியமின்றி வீட்டுவேலை செய்தோருள், பெண் ஒருவர் அவ்வாண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்காகச் செலவிட்டார். ஆண் ஒருவர் 97 நிமிடங்களைச் செலவிட்டார். இவ்வேலைகளில் அப்போது ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். சமையல், துப்புரவு, துவைத்தல் போன்றவையே இக்கணக்கில் அடங்கும். குழந்தை வளர்ப்பும் முதியோரைப் பேணுதலும் தனிக்கணக்கு.

299 நிமிடம் என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். தாயின் கை முறிந்த அன்றே இந்த ஐந்து மணி நேரம் வீட்டில் உரியவரின்றி நிற்கிறது. வேலை நிற்காது, யாரேனும் செய்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ‘யாரேனும்’ எவர் என்பது பேசி முடிவுசெய்யப்படுவதில்லை. வீட்டிலுள்ள வளர்ந்த பெண்பிள்ளையை நோக்கி அது தானே உருண்டு செல்கிறது.

இக்குடும்பத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. “ஒரு வாரம்தானே, லீவு போட்டுக்கோ” என்றார் தந்தை. அவர் கொடியவர் அல்லர். வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. முதல் வாரம் சென்றது. இரண்டாம் வாரத்தில் அரைநாள் பள்ளி, அரைநாள் வீடு என்றாயிற்று. மேல்நிலை முதலாமாண்டில் இயற்பியலிலும் கணக்கிலும் ஒரு வாரப் பாடத்தைத் தவறவிட்டவர், அடுத்த வாரப் பாடத்தை வகுப்பில் அமர்ந்தும் தவறவிடுவார். மூன்றாம் வாரத்தின் இடையில் அறிவிக்கப்பட்ட தேர்வு ஒன்றை அவள் எழுதவில்லை. அதனை வீட்டில் சொல்லவுமில்லை.

தாய் அதனை வேறு வழியாக அறிந்தார். உடன் பயிலும் தோழி நலம் கேட்க வந்தபோது, பேச்சினிடையே அது வெளிப்பட்டது. அன்றிரவு தாய் கணவரிடம் கூறியது இதுதான்: “என் கை கூடிரும். அவ படிப்பு ஒடைஞ்சா எந்த ஆஸ்பத்திரியில கட்டுப் போடுவீங்க?”

மறுநாள் சுவரில் தொங்கிய தாள்கள் கீழே இறக்கப்பட்டன. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதப்பட்டது. தந்தை மாலை நேரத்து வாடகையை விட்டுவிட்டுத் துவைத்தலையும் இரவுச் சமையலையும் ஏற்றார். வருவாய் குறைந்தது, அதனை மறைக்க வேண்டுவதில்லை. முதல் நாள் அவர் வைத்த குழம்பில் புளி மிகுந்திருந்தது; பத்தாம் நாள் நன்றாகவே இருந்தது. காலையுணவுச் சிக்கலைப் பள்ளி ஓரளவு தீர்த்தது: அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின்படி மகன் காலையுணவைப் பள்ளியிலேயே உண்டான். தன் புத்தகப்பையை அடுக்குவதும் செடிகளுக்கு நீர் ஊற்றுவதும் அவன் பங்கு. அப்பத்தா கீரை ஆய்ந்தார். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பிரண்டைத் துவையலும் வீட்டில் அடிக்கடி இடம்பெற்றன. மகள் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தாள். எட்டரை மணிக்குப் பேருந்து ஏறினாள்.

கணக்கில் வராத கூலி

பூக்கட்டி ஈட்டிய கூலி முறிவு ஏற்பட்ட நாளன்றே நின்றது. ஆலையிலோ நிறுவனத்திலோ பணியாற்றி, தொழிலாளர் அரசு காப்பீட்டில் சேர்ந்திருப்பவர் நோயுற்றால், உரிய தகுதிகளின்படி ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு பெற இயலும். வீட்டுத் திண்ணையிலமர்ந்து முழக்கணக்கில் பூத் தொடுப்பவருக்கு அத்தகைய முதலாளியும் இல்லை; காப்பீடும் இல்லை. குழுத் தவணையை அம்மாதம் பக்கத்து வீட்டு மதினி கட்டினார். அதனைத் திருப்பித் தர மூன்று மாதம் ஆயிற்று.

கூலியற்ற வீட்டுவேலையின் மதிப்பை நீதிமன்றங்கள் எண்ணிப் பார்த்துள்ளன. விபத்தில் உயிரிழந்த இல்லத்தரசி ஒருவருக்கான இழப்பீட்டு வழக்கில், அவரது உழைப்பின் மதிப்பை விரிவாக ஆராய்ந்து 2009இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன். 2021 சனவரியில் உச்ச நீதிமன்றம், மேலே சொன்ன 299 நிமிடம், 97 நிமிடம் என்னும் எண்களையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிடப்பட வேண்டும் என்பதை வலியுறுத்தியது. எனினும் இவை சாலை விபத்து வழக்குகள். பாசி படிந்த சொந்த முற்றத்தில் விழுந்தவர் எவர்மீது வழக்குத் தொடுப்பார்? அவரது ஆறு வார உழைப்பின் மதிப்பை அறிந்தவர்கள் அவ்வீட்டார் மட்டுமே.

‘நீ சும்மா இரு’

முறிந்த இடத்தில் உடலே தன் பணியைத் தொடங்கிவிடுகிறது. முதலில் அங்கே குருதி உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் மென்மையான இணைப்புத் திசு உருவாகிறது. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கடினமான எலும்பாகிறது. அது தன் பழைய வடிவத்தை அடையப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகலாம். இப்பணிக்குக் கட்டு தரும் அசையாமை வேண்டும். ஆனால் அசையாமை வேண்டியது மணிக்கட்டுக்கு மட்டுமே. விரல்களையும் முழங்கையையும் தோளையும் மருத்துவர் சொன்னவாறு நாள்தோறும் அசைக்க வேண்டும். இல்லையெனில் நலமாயிருந்த மூட்டுகளும் இறுகிவிடும். வீக்கம் வடியக் கையை நெஞ்சின் மட்டத்திற்குமேல் உயர்த்தி வைத்தல் நன்று. விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப் போனாலோ, வலி பொறுக்கவியலாமல் மிகுந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டுக்குமேல் எண்ணெய் விடுவதும், அரிப்பைப் போக்க உள்ளே குச்சியைச் செலுத்துவதும் தீங்கு தரும்.

அன்பு மிகுந்த வீடுகளில் வேறொரு தவறு நிகழ்கிறது. நோயுற்றவர் எதைத் தொட்டாலும் “நீ சும்மா இரு” என்கின்றனர். நான்காம் வாரத்தில் இத்தாயின் முகம் சுருங்கியது. சிறு சொல்லுக்கும் சினந்தார். கூட்டுக்கு உப்புப் போதவில்லை என்றதற்குத் தந்தையும் முகம் கடுத்தார். ஓர் இரவு வீட்டில் எவரும் எவரோடும் பேசவில்லை. தான் இன்றியும் வீடு நடக்கிறது என்பது தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். அதுவே அவருக்குப் புண்ணாகவும் இருந்தது. பேணுதல் வேறு, ஒதுக்கிவைத்தல் வேறு. அவ்வேறுபாட்டை முதலில் உணர்ந்தவன் சிறுவனே. வாய்பாட்டை ஒப்பிக்கத் தாயிடம் அமர்ந்தான். மறுநாள் படம் வரைய இடக்கையைத் தரச் சொன்னான். இருவரும் இடக்கையால் கோணலாகப் பூசணிப் பூ வரைந்தனர்.

ஏழாம் வாரம்

ஆறு வாரம் முடிந்து கட்டு வெட்டப்பட்டது. உள்ளிருந்து வெளிவந்த கை அவருடையதுபோல் இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, வெளுத்திருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டதை ஊடுகதிர்ப் படம் காட்டியது. ஆனால் மணிக்கட்டு மடங்கவில்லை. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப இயலவில்லை. கோயிலில் திருநீறு பெற நீட்டும் கை, கடையில் சில்லறை வாங்க விரிக்கும் கை பாதியிலேயே நின்றது.

வீட்டார்க்கோ அது விழா நாள். வந்து பார்த்தவர்கள் “நல்லாயிருச்சுல்ல” என்றனர். மறுநாள் காலை தந்தை அதிகாலை வாடகைக்குப் புறப்பட்டார். துவைக்க வேண்டிய துணி மூன்று வாளி இருந்தது. எவரும் தாயைச் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டா எனவும் சொல்லவில்லை. பல குடும்பங்கள் தவறுவது இவ்விடத்தில்தான். வெண்ணிறக் கட்டு கண்ணில் பட்டவரை ‘நோயாளி’ என்னும் நினைவு இருந்தது. கட்டு மறைந்ததும் நினைவும் மறைந்தது. முறிவு நேர்ந்த கையின் பிடிவலிமை திரும்பச் சில மாதங்கள் ஆகும். முழுமை பெற ஓராண்டு வரைகூட ஆகலாம். ஈரச் சேலையை முறுக்கிப் பிழிவது அக்கைக்குக் கடைசியாக வர வேண்டிய வேலைகளுள் ஒன்று.

அன்று முதல் சேலையைப் பிழிந்தபோதே வலி தோள்வரை ஏறியது. மாலையில் கை வீங்கியிருந்தது. இயன்முறை மருத்துவர் கையை அழுத்திப் பார்த்துவிட்டு, “யார் துணி துவைச்சது?” என்று கேட்டார். அவர் பார்த்தது தாயை அன்று. உடன் வந்த தந்தையை.

அதன்பின் பயிற்சிகள் தொடங்கின. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மடக்கி நீட்டுதல், மென்பந்தை அழுத்துதல், மேசை விளிம்பில் முன்கையை வைத்து மணிக்கட்டைத் தாழ்த்தி உயர்த்துதல், உள்ளங்கையைச் சிறிது சிறிதாகத் திருப்புதல். எளியவை போலத் தோன்றும், வலி மிக்கவை. மருத்துவமனை தொலைவில் இருப்பின் பேருந்துச் செலவை எண்ணியே பலர் இடையில் விட்டுவிடுகின்றனர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவையுடையோருக்கு இயன்முறை மருத்துவம் வீட்டிலேயே அளிக்கவும் வகைசெய்யப்பட்டுள்ளது. மாதவிடாய் நின்ற வயதினருக்குச் சிறு வீழ்ச்சியிலேயே மணிக்கட்டு முறிந்தால், எலும்பு மெலிவு உள்ளதா என ஆய்ந்தறிதல் தேவை; பின்னாளில் இடுப்பெலும்பு முறிவதற்கு அது முன்னறிவிப்பாகவும் அமையலாம்.

பந்தை அழுத்திச் சலித்த தாய்க்குத் தனக்குத் தெரிந்த பயிற்சி ஒன்று இருந்தது. பத்தாம் வாரத்தில் அவர் கால் கிலோ மல்லிகை வாங்கிவரச் சொன்னார். இரண்டிரண்டு மொட்டுகளாக எடுத்து வைத்து நாரைச் சுற்றினார். முடிச்சுகள் தளர்ந்தன, தொடுத்த பூ நடுவில் நழுவியது. ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. விற்க இயலாத அம்முழத்தை அப்பத்தா வாங்கிச் சாமி படத்துக்குச் சூட்டினார்.

தை பிறந்தபோது அவர் நாளொன்றுக்கு இரண்டு கிலோ பூக் கட்டினார். சுவரில் இருந்த தாள்கள் அடுப்புப் புகையில் பழுத்திருந்தன. அவற்றில் பெரும்பாலான வேலைகள் மெல்ல மெல்ல அவரிடமே திரும்பியிருந்தன. துணி பிழியும் வேலை மட்டும் தந்தையிடமே நின்றுவிட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளில் நடைபெறும் வேலைகள் அனைத்தையும் தாளில் எழுதுக. ஒவ்வொன்றையும் செய்பவர் யார் எனக் குறித்து, வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் வீட்டாரின் நினைவில் மட்டுமே உள்ள, எங்கும் எழுதப்படாத ஐந்து செய்திகளைக் கேட்டறிந்து பதிவுசெய்க.

மதிப்பீடு

குறுவினா: மாவுக்கட்டு – பெயர்க்காரணம் தருக.

சிறுவினா: ‘அவர் சொன்னது கட்டைப் பற்றி, அவர்கள் கேட்டுக்கொண்டது கையைப் பற்றி’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா: ‘பேணுதல் வேறு, ஒதுக்கிவைத்தல் வேறு’ – இக்கூற்றைப் பாடக் கருத்துகளோடும் நீங்கள் கண்டறிந்தவற்றோடும் இணைத்துக் கட்டுரைக்க.